கிரைண்டர் வீட்டுக்கு ஒன்று, இலை ஆளுக்கு ஒன்று: ஸ்பிரிங் ஸ்கோப் பற்றி அக்காவின் டிப்ஸ்

ஸ்பிரிங் புராஜெக்ட்டில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் முதல் வாரம் செய்வது ஒன்றுதான். பக்கத்து சீட்டுக்காரர் எழுதிய கிளாஸைத் திறப்பார்கள். அதன் தலையில் இருக்கும் @சர்வீஸையோ @கம்போனென்ட்டையோ காப்பி எடுத்துத் தங்கள் கிளாஸின் தலையில் ஒட்டுவார்கள். புரோகிராம் ஓடும். ஓடுகிறதே என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரி எதையெல்லாம் தீர்மானித்துவிட்டது என்று கேட்டால் பதில் வராது.

அந்த வரி ஸ்பிரிங்கின் கன்டெய்னரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறது. இந்த ஆப்ஜெக்ட்டை நீயே உண்டாக்கு, கேட்பவர்களுக்கெல்லாம் கொடு, கடைசியில் நீயே மூடிவிட்டுப் போ என்கிறது. எத்தனை உண்டாக்குவது, யார் யாருக்கு அது பொது, எப்போது மூடுவது என்பதுதான் ஸ்கோப். அனோடேஷன் எழுதும் முன் “இது யாருக்கெல்லாம் பொது? இது எப்போது போகும்?” என்ற இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும், பாதி பிரச்சினை வராது.

உனக்கு நேரமில்லை, தெரியும். ஸ்பிரின்ட் முடிய இரண்டு நாள்தான் இருக்கும். முதல் மூன்றை மட்டுமாவது இப்போதே படி. மற்றதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்.

1. ஒன்றும் எழுதாவிட்டால் சிங்கிள்டன். அப்படியே விடு.

ஸ்பிரிங்கில் ஸ்கோப் எதுவும் குறிப்பிடாத பீன், ஒரு கன்டெய்னருக்கு ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு கிரைண்டர் மாதிரி. மாமியாரும் அதில்தான் மாவு அரைக்கிறார், நீயும் அதில்தான் அரைக்கிறாய். சர்வீஸ், ரெப்பாசிட்டரி, கன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் இதுவே சரி. ஆகவே @ஸ்கோப் போட்டு உள்ளே சிங்கிள்டன் என்று எழுதிக்கொண்டிருக்காதே. சொல்லாமலே நடப்பதை எழுதிவைத்தால், அடுத்து படிப்பவர் இதில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று நினைத்து அரைமணி நேரம் தேடுவார்.

வேறு ஃபிரேம்வொர்க்கிலிருந்து வருகிறவர்கள் மட்டும் இங்கே கவனம். 2009-இல் வந்த ஜேஎஸ்ஆர்-330 தான் @இன்ஜெக்ட், @சிங்கிள்டன் முதலியவற்றை ஜாவாவில் பொதுவாக்கியது. அதன்படி ஸ்கோப் இல்லாத கிளாஸுக்குக் கேட்கும்போதெல்லாம் புது ஆப்ஜெக்ட். கூகுளின் ‘ஜூஸ்’ ஃபிரேம்வொர்க்கும் ஆண்ட்ராய்டில் புழங்கும் டேகரும் அப்படித்தான். ஸ்பிரிங் அதற்கு நேர்மாறு. அங்கே பழகிய கையோடு இங்கே வந்து “ஒன்றும் போடவில்லையே, தனித்தனியாகத்தான் வரும்” என்று நினைப்பதில்தான் அடுத்த ஆபத்து ஆரம்பிக்கிறது.

2. சிங்கிள்டனுக்குள் ஆள் விவரத்தை வைக்காதே.

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் பில் போடும் சர்வீஸ் ஒன்று இருந்தது. அந்த கிளாஸில் ‘இப்போதைய வாடிக்கையாளர்’ என்று ஒரு ஃபீல்டு. முதல் மெத்தட் வாடிக்கையாளரை எடுத்து அந்த ஃபீல்டில் வைக்கும். இரண்டாவது மெத்தட் கணக்குப் போடும். மூன்றாவது மெத்தட் ஃபீல்டிலிருந்து பெயரை எடுத்துப் பில்லில் அச்சிடும். மெத்தட்டுக்கு மெத்தட் ஒரே பேராமீட்டரை அனுப்ப அலுப்புப்பட்டு யாரோ செய்த வசதி அது. அதை ரிவ்யூவில் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

என் லேப்டாப்பில் ஓடியது. டெஸ்டர் ஒருவராக உட்கார்ந்து சோதித்தார், எல்லாம் சரி. மாதத்தின் முதல் தேதி கூட்டம் வந்தது. ராத்திரி பதினோரு மணிக்குப் போன். ஒருவருடைய பில்லில் இன்னொருவர் பெயர்.

நடந்தது இதுதான். டாம்கேட்டில் நீ எதையும் மாற்றாவிட்டால் ஸ்பிரிங் பூட் 200 த்ரெட் வரை விடும். அத்தனையும் வந்து நிற்பது அந்த ஒரே ஆப்ஜெக்ட்டின் முன்னால். முதல் த்ரெட் தன் வாடிக்கையாளரை ஃபீல்டில் வைத்துவிட்டுக் கணக்குப் போடப் போனது. அதற்குள் இரண்டாவது த்ரெட் வந்து அதே ஃபீல்டில் தன் வாடிக்கையாளரை வைத்தது. முதல் த்ரெட் திரும்பி வந்து அச்சிடும்போது அங்கே இருந்தது இரண்டாமவர் பெயர். எரர் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. தப்பான பில் ஒழுங்காக அச்சாகி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

சரிசெய்ய ஆனது சில வரிகள். ஃபீல்டை எடுத்துவிட்டு வாடிக்கையாளரைப் பேராமீட்டராக அனுப்பினோம், அவ்வளவுதான். “மெத்தட்டுக்கு சிங்க்ரனைஸ்டு போட்டால் போதுமே” என்று ஒருவர் சொன்னார். அந்த வழிக்கு நீ போகாதே. அதைப் போட்டால் ஒருவர் அரைத்து முடிக்கும் வரை மற்றவர் எல்லாம் கிரைண்டர் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். நோய் தீராது, வேகமும் போகும்.

ஃபீல்டில் எது இருக்கலாம், எது கூடாது என்று பிரித்துவைத்துக்கொள்:

• இருக்கலாம்: கன்ஸ்ட்ரக்டர் வழியாக வந்த மற்ற பீன்கள், மாறாத செட்டிங்குகள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபைனல் போடு. போட முடியவில்லை என்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

• கூடாது: லாகின் செய்தவர், இப்போதைய ஆர்டர், ஓடிக்கொண்டிருக்கும் கூட்டுத்தொகை.

• கூடாது: சேர்த்துக்கொண்டே போகிற லிஸ்ட், மேப். சிங்கிள்டன் அப்ளிகேஷன் நிற்கும் வரை உயிரோடு இருக்கும், அதனால் அதற்குள் போட்டதும் போகாது. மெமரி நிறைந்து ஒருநாள் விழும். கேஷ் வேண்டுமென்றால் அளவும் காலாவதியும் உள்ள கேஷை எடு.

• கூடாது: சிம்பிள்டேட்ஃபார்மேட். பல த்ரெட் தொட்டால் தேதியைக் குழப்பும். ஜாவா 8 முதல் இருக்கும் டேட்டைம்ஃபார்மேட்டருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அதை தாராளமாக வை.

3. சிங்கிள்டனுக்குள் போன புரோட்டோடைப், புரோட்டோடைப்பாக இருக்காது.

பத்துப் பேரிடம் கேட்டால் பெரும்பாலோர் தப்பாகச் சொல்வது இதைத்தான். ஒரு கிளாஸுக்கு @ஸ்கோப்பில் புரோட்டோடைப் என்று போட்டாய். கேட்கும்போதெல்லாம் புதிது வரும் என்பது உண்மைதான். ஆனால் யார் கேட்கிறார்கள்? உன் சர்வீஸ் ஒரு சிங்கிள்டன். அது உருவாகும்போது ஒரே ஒருமுறை கேட்கிறது, கன்டெய்னர் ஒன்றைக் கொடுக்கிறது. பிறகு அப்ளிகேஷன் நிற்கும் வரை அதே ஒன்றுதான். ஒரே இலையில் பந்தி முழுக்கச் சாப்பிட வைத்த கதை.

வழிகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

• முதலில், அது பீனாக இருக்கத்தான் வேண்டுமா என்று கேள். அதற்குள் வேறு பீன் எதுவும் தேவையில்லை என்றால் நியூ போட்டு நீயே உண்டாக்கு. ஸ்பிரிங் இருப்பதால் நியூ எழுதுவது பாவம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது தப்பு. பில் வரி, முகவரி, ரிப்போர்ட் பில்டர் எல்லாம் சாதாரண ஆப்ஜெக்ட்டுகள்.

• பீனாகத்தான் வேண்டுமென்றால் ஆப்ஜெக்ட்புரொவைடரை கன்ஸ்ட்ரக்டரில் வாங்கு. தேவைப்படும் இடத்தில் கெட்ஆப்ஜெக்ட் கூப்பிடு. கூப்பிடும்போதெல்லாம் புதிது வரும், படிப்பவருக்கும் அது கண்ணில் படும்.

• @லுக்கப் போட்ட மெத்தடும் இதையே செய்யும். ஆனால் கோடைப் படிப்பவருக்கு அது மாயம் மாதிரி தெரியும். எனக்கு விருப்பமில்லை.

• புரோட்டோடைப்புக்குப் புராக்ஸிமோடு போடாதே. போட்டால் ஒவ்வொரு மெத்தட் அழைப்புக்கும் ஒரு புது ஆப்ஜெக்ட் வரும். ரிப்போர்ட் பில்டரில் ‘வரி சேர்’ என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு ‘அச்சிடு’ என்றால் காலித் தாள் வரும். சேர்த்த இரண்டு வரியும் இரண்டு வேறு ஆப்ஜெக்ட்டில் போய்விட்டன, அச்சிட்டது மூன்றாவது. பார்க்கிறவருக்குக் கோடில் ஒரு தப்பும் தெரியாது.

4. புரோட்டோடைப் டம்ளரைக் கழுவ கன்டெய்னர் வராது.

சிங்கிள்டனை ஸ்பிரிங் உண்டாக்கும், கடைசியில் @பிரீடெஸ்ட்ராய் போட்ட மெத்தடையும் கூப்பிடும். புரோட்டோடைப்புக்கு உண்டாக்கிக் கொடுப்பதோடு சரி. @போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் ஓடும், @பிரீடெஸ்ட்ராய் ஓடவே ஓடாது. அதற்குள் ஃபைலையோ கனெக்‌ஷனையோ திறந்துவைத்திருந்தால் மூடுவது உன் பொறுப்பு. ட்ரை வித் ரிசோர்ஸஸ் பிளாக்கில் வைத்து மூடு. மறந்தால் சில நாள் ஓடும், பிறகு திறந்த ஃபைல்கள் அதிகம் என்று சர்வர் நின்றுவிடும்.

5. ரிக்வெஸ்டும் செஷனும் விருந்தாளிகள்.

ரிக்வெஸ்ட் ஸ்கோப் என்றால் ஆளுக்கு ஓர் இலை. அழைப்பு முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். செஷன் என்றால் கல்யாணத்துக்கு வந்தவருக்குக் கொடுத்த அறை, அவர் ஊருக்குத் திரும்பும் வரை அவருடையது.

• @ரிக்வெஸ்ட்ஸ்கோப், @செஷன்ஸ்கோப் என்ற தனி அனோடேஷன்கள் ஸ்பிரிங் 4.3-இலிருந்து இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்து, புராக்ஸி தானாக வரும். வெறும் @ஸ்கோப்பில் ரிக்வெஸ்ட் என்று எழுதிப் புராக்ஸியை மறந்தால், சிங்கிள்டனுக்குள் செருகும்போது ரிக்வெஸ்டே இல்லையே என்று அப்ளிகேஷன் எழும்பாது.

• உன் கையில் இருப்பது உண்மையான ஆப்ஜெக்ட் இல்லை, அதன் பெயரில் நிற்கும் ஆள். அதன் ஃபீல்டை நேராகத் தொட்டால் நல் கிடைக்கும். கெட்டர் வழியாகப் போ. மெத்தடுக்கு ஃபைனல் போட்டாலும் இதே கதி. கோட்லினில் எழுதுகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்: அங்கே கிளாஸும் மெத்தடும் சும்மாவே ஃபைனல், ஸ்பிரிங்குக்கான பிளகின் சேர்த்தால்தான் திறக்கும்.

• @அசிங்க் மெத்தடுக்குள் ரிக்வெஸ்ட் பீனைத் தேடாதே. அது வேறு த்ரெட், அங்கே ரிக்வெஸ்ட் கிடையாது. வேண்டிய மதிப்பை முன்னாலேயே எடுத்துப் பேராமீட்டராகக் கொடு.

• செஷனில் கொஞ்சமாக வை. லாகின் செய்த அத்தனை பேருக்கும் ஒன்று என்று பெருக்கிப் பார். ரெடிஸ் மாதிரி வெளியிடத்தில் செஷனை வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் சீரியலைஸ் ஆக வேண்டியும் வரலாம். இன்னொன்று, ஒரே ஆள் இரண்டு டேபில் திறந்தாலும் செஷன் ஒன்றுதான். ஒரு டேபில் எடிட் செய்தது அடுத்த டேபில் வந்து நிற்கும். படிப்படியாக நிரப்பும் ஃபாரத்தை செஷனில் வைக்கும் முன் இதை யோசி.

6. கான்ஃபிகரேஷன் கிளாஸில் @கான்ஃபிகரேஷனை விடாதே.

இது கண்ணுக்கே தெரியாத தப்பு. ஒரு கிளாஸில் @பீன் போட்ட இரண்டு மெத்தட். ஒன்று டேட்டாசோர்ஸைக் கொடுக்கிறது. இன்னொன்று ஆடிட் வேலைக்கான பீனை உண்டாக்குகிறது, அதற்காக உள்ளே முதல் மெத்தடை நேராகக் கூப்பிடுகிறது. தலையில் @கான்ஃபிகரேஷன் இருந்தால் ஸ்பிரிங் அந்த அழைப்பை இடைமறித்து ஏற்கெனவே இருக்கும் ஆப்ஜெக்ட்டையே கொடுக்கும். அதற்குப் பதில் @கம்போனென்ட் போட்டிருந்தாலோ, புராக்ஸிபீன்மெத்தட்ஸ் என்பதை ஃபால்ஸ் என்று வைத்திருந்தாலோ அது சாதாரண ஜாவா அழைப்பு. இன்னொரு டேட்டாசோர்ஸ் பிறந்துவிடும்.

ஹிகாரி பூலில் நீ எதுவும் சொல்லாவிட்டால் அதிகபட்சம் 10 கனெக்‌ஷன். இப்போது இரண்டு பூல், 20 வரை போகும். சர்வர் நாலு ஓடினால் 80. டேட்டாபேஸ் பார்ப்பவர் வந்து ஏன் இவ்வளவு என்று கேட்பார், உன் கான்ஃபிகரேஷனில் 10 என்றுதான் இருக்கும். கூடவே, அந்த இரண்டாவது பூல் கன்டெய்னருக்குத் தெரியாமல் பிறந்தது. அதை மூடவும் ஆளில்லை.

தப்பிக்க எளிய வழி: ஒரு @பீன் மெத்தடுக்கு இன்னொரு பீன் வேண்டுமென்றால் அதை மெத்தடின் பேராமீட்டராக வாங்கு. தலையில் எந்த அனோடேஷன் இருந்தாலும் ஒன்றுதான் வரும்.

7. பிறக்கும் நேரத்தில் பெரிய வேலை கொடுக்காதே.

ஃபீல்டில் @ஆட்டோவயர்டு போட்டுவிட்டு கன்ஸ்ட்ரக்டருக்குள் அதைத் தொட்டால் நல். அந்த நேரத்தில் அது இன்னும் வந்து சேரவில்லை. கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

@போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் என்பது எல்லாம் செருகி முடித்த பிறகு ஓடும். செட்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நல்ல இடம். ஆனால் அங்கே வெளி ஏபிஐயைக் கூப்பிட்டு, லட்சம் வரி டேட்டாவை ஏற்றி உட்கார்ந்தால் அப்ளிகேஷன் எழுவதற்கே நேரமாகும். @டிரான்சாக்‌ஷனலும் அங்கே வேலை செய்யாது, ஏனென்றால் புராக்ஸி இன்னும் போர்த்தப்படவில்லை. அப்படிப்பட்ட வேலையை அப்ளிகேஷன்ரெடி ஈவென்ட்டைக் கேட்கும் ஒரு மெத்தடுக்கு, வேறொரு பீனுக்கு, மாற்று.

8. சாகும் நேரத்துக்கும் ஏற்பாடு வேண்டும்.

சர்வரை நிறுத்தும்போது சிக்டெர்ம் சிக்னல் வந்தால் ஸ்பிரிங் பூட் ஒழுங்காக ஒவ்வொன்றாக மூடும், @பிரீடெஸ்ட்ராய் ஓடும். கில் மைனஸ் 9 போட்டால் எதுவும் ஓடாது. ஆகவே பணம், ஆர்டர் மாதிரி முக்கியமானதைக் கடைசி நிமிஷத்தில் சேமிக்கலாம் என்று @பிரீடெஸ்ட்ராயை நம்பி வைக்காதே. அது கதவைச் சாத்த மட்டும்தான்.

கூபர்நெட்டிஸில் ஓடுகிறதா? அது நிறுத்தச் சொல்லிவிட்டு 30 வினாடி பொறுக்கும், பிறகு கொன்றுவிடும். ஸ்பிரிங் பூட்டும் ஒவ்வொரு கட்டத்துக்கும் 30 வினாடி வரை காத்திருக்கும். இரண்டும் 30 என்றால் உன் மூடும் வேலை பாதியில் அறுபடலாம். ஸ்பிரிங் பக்கம் 20 என்று குறைத்து வை. பூட் 3.4-க்கு முந்தைய வெர்ஷன் என்றால் கிரேஸ்ஃபுல் ஷட்டவுனை நீயேதான் ஆன் செய்ய வேண்டும். 2.3-இலிருந்து அந்த வசதி இருக்கிறது.

@பீன் மெத்தட் தரும் ஆப்ஜெக்ட்டில் க்ளோஸ் அல்லது ஷட்டவுன் என்று பொது மெத்தட் இருந்தால் ஸ்பிரிங் தானாகவே அதைக் கூப்பிட்டுவிடும். பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் அது உன்னுடையது இல்லாமல், சர்வர் மற்றவர்களோடு பகிர்ந்துகொடுத்த கனெக்‌ஷன் பூல் என்றால் டெஸ்ட்ராய்மெத்தடைக் காலியாக விடு. அடுத்த வீட்டு விளக்கை அணைத்துவிட்டு வரக்கூடாது.

9. @லேசியை மருந்தாகப் போடாதே.

‘ஏ’ பீனுக்கு ‘பி’ வேண்டும், ‘பி’க்கு ‘ஏ’ வேண்டும் என்று சுற்றிக்கொண்டால் ஸ்பிரிங் பூட் 2.6 முதல் அப்ளிகேஷனை எழும்ப விடாது. உடனே ஒன்றுக்கு @லேசி ஒட்டி அடக்கிவிடுவார்கள். வலி நிற்கும், வியாதி இருக்கும். இரண்டுக்கும் பொதுவான வேலையை மூன்றாவது கிளாஸாகப் பிரி. வேகமாக எழும்ப வேண்டும் என்று எல்லா பீனையும் லேசியாக்குவதும் லேப்டாப்போடு நிற்கட்டும். புரொடக்‌ஷனில் அப்படிச் செய்தால், காலையில் டெப்ளாய் செய்யும்போதே தெரிய வேண்டிய தப்பு, சாயங்காலம் முதல் வாடிக்கையாளர் வந்து தொடும்போது தெரியும்.

10. இம்போர்ட் வரியைப் படி.

ஐடிஇ காட்டும் முதல் பெயரை என்டர் தட்டி எடுக்கும் பழக்கத்தை விடு. @சிங்கிள்டன் என்ற பெயரில் இன்ஜெக்ட் பேக்கேஜில் ஒன்று, ஈஜேபியில் ஒன்று இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு. @போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட், @பிரீடெஸ்ட்ராய் இரண்டும் முன்பு ஜாவாஎக்ஸ் என்ற பெயரில் ஜாவாவோடே வந்தன. ஜாவா 11-இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் 6, பூட் 3 முதல் ஜகார்த்தா பேக்கேஜ்தான். பழைய புராஜெக்ட்டை மேலேற்றும்போது இதை முதல் வேலையாகப் பார்.

இப்போது உனக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று வீட்டுக்குக் கிளம்பும் முன் உன் புராஜெக்ட்டில் @சர்வீஸ் போட்ட கிளாஸ்களை மட்டும் திறந்து பார். ஃபைனல் இல்லாத ஃபீல்டு எங்கே இருந்தாலும் ஒரு தாளில் குறித்துக்கொள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை எழுதுவது யார், எப்போது என்று எழுது. பதில் எழுத வராத ஃபீல்டை நாளைக் காலை முதல் வேலையாகப் பேராமீட்டராக மாற்று. மாதத்தின் முதல் தேதி வரும் வரை தள்ளிப்போடாதே.